மண்ணும் காற்றும் மனையும்

நுழையும்முன்

வெயிலையும் மழையையும் தடுத்து மனிதரைக் காப்பதற்காகத் தோன்றியது வீடு. அந்த வீடே வெப்பத்தைத் தேக்கிவைத்து, அதைத் தணிக்க மின்னாற்றலை ஓயாமல் கேட்கும் நிலை இன்று பெருகியுள்ளது. மின்விசிறியும் குளிரூட்டியும் இல்லாத காலத்தில், கடும் பாலைவன வெயிலில் வாழ்ந்த மக்கள் தம் வீடுகளை எவ்வாறு குளிர வைத்தனர்? இந்த வினாவுக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் எகிப்து நாட்டுக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி. அவருடைய வெற்றிகளோடு தோல்விகளும் நமக்குப் பாடமாக அமைகின்றன.

இளமையும் கல்வியும்

நைல் ஆறு கடலோடு கலக்கும் பகுதிக்கு மேற்கே அமைந்த பழம்பெரும் துறைமுக நகரம் அலெக்சாந்திரியா. அந்நகரில் 1900ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஹசன் ஃபாத்தி பிறந்தார். அவருடைய குடும்பத்துக்குச் சிற்றூர்களில் பண்ணை நிலங்கள் பல இருந்தன. ஆயினும் தந்தையார் அவ்வூர்ப் பக்கம் செல்வதை விரும்பவில்லை. ஈயும் கொசுவும் அசுத்தமான நீரும் நிறைந்த இடமாகவே அவர் கிராமத்தைக் கருதினார். பிள்ளைகளையும் அங்குச் செல்லவிடவில்லை. தாயாரின் நினைவிலிருந்த கிராமமோ முற்றிலும் வேறானது. தம் சிறுவயதைக் கிராமத்தில் கழித்த அவர், தம்மைப் பின்தொடர்ந்து வந்த ஆட்டுக்குட்டியைப் பற்றியும் வீட்டில் வளர்ந்த கோழி, புறாக்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குக் கதைகதையாகச் சொன்னார். தந்தையின் வெறுப்பும் தாயின் ஏக்கமும் ஒருங்கே சேர்ந்து, சிறுவன் ஹசனின் உள்ளத்தில் கிராமத்தைக் காணாமலேயே அதன்மீது ஆழ்ந்த பற்றை வளர்த்தன.

வேளாண்மை கற்க வேண்டும் என்பதே அவருடைய முதல் விருப்பம். ஆனால், அதற்கான நுழைவுத் தேர்வில் அவரால் வெற்றி பெற முடியவில்லை. பயிரையும் பாசனத்தையும் பற்றிய வினாக்களுக்கு, வயலையே கண்டிராத அந்த நகரத்து இளைஞரால் விடை கூற இயலவில்லை. அதன்பின் கட்டடக்கலையைத் தேர்ந்தெடுத்துக் கெய்ரோவில் பயின்று, 1926ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

தம் குடும்பத்தின் பண்ணை நிலத்தில் அவர் முதன்முதலாகக் காலடி வைத்தபோது அவருக்கு வயது 27. கனவில் கண்டிருந்த பசுமையான கிராமம் அங்கே இல்லை. தாழ்ந்து, இருண்டு, காற்றோட்டமின்றிக் கிடந்த குடிசைகளில் உழவர்கள் வாழ்ந்தனர். அந்நிலங்களின் வருவாயில் வளர்ந்தவர் தாம் என்னும் உணர்வு அவரை உறுத்தியது. தால்கா என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டும் பணியில் அமர்த்தப்பட்டபோதும், சேறும் குப்பையும் நிறைந்த தெருக்களே அவர் மனத்தில் பதிந்தன. ஏழைகள் வாழத்தக்க வீட்டை அவர்களுக்கு எட்டும் செலவில் கட்ட இயலுமா என்னும் வினா அன்றுமுதல் அவரை விட்டு நீங்கவில்லை.

கூரை என்னும் சிக்கல்

1930ஆம் ஆண்டு முதல் கெய்ரோவின் நுண்கலைப் பள்ளியில் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார். ஐரோப்பியக் கட்டட முறைகளே உயர்ந்தவை என்று கற்பிக்கப்பட்ட காலம் அது. சிமெண்டும் இரும்பும் நாகரிகத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. மண்ணால் கட்டுவதை வறுமையின் அடையாளம் என்று கற்றவர் பலரும் எண்ணினர்.

ஃபாத்தியின் எண்ணம் வேறு திசையில் சென்றது. எகிப்திய உழவர்களின் காலடியிலேயே மண் இருக்கிறது. அறுவடைக்குப்பின் வைக்கோல் கிடைக்கிறது. சுடும் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. மண்ணையும் வைக்கோலையும் நீரில் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்தினால் செங்கல் கிடைத்துவிடும். அதைச் சுடுவதற்கு விறகோ நிலக்கரியோ தேவையில்லை. தொலைவிலிருந்து கொண்டுவர வண்டியும் தேவையில்லை. ஒரு பொருளை உருவாக்கவும் கொண்டுசேர்க்கவும் செலவாகும் ஆற்றலையும் அப்பொருளின் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும் என்று இன்றைய அறிஞர்கள் கூறுகின்றனர். அவ்வாறு கணக்கிட்டால் உலர்மண் செங்கல்லுக்கு நிகரான சிக்கனப் பொருள் அரிது.

மண்ணால் சுவர் எழுப்புவது எளிது. கூரைக்குத்தான் வழி தெரியவில்லை. எகிப்தில் மரம் மிகக் குறைவு. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது மரமும் இரும்பும் வெளிநாடுகளிலிருந்து வருவது அருகிவிட்டது. பாஹ்திம் என்னுமிடத்தில் வேளாண்மைக் கழகம் ஒன்றுக்காக ஃபாத்தி மேற்கொண்ட கட்டுமானம், கூரை அமைக்க வழியின்றித் தடைப்பட்டது. பழங்கால எகிப்தியர்கள் மண்செங்கல்லாலேயே வளைகூரை அமைத்ததை அவர் அறிந்திருந்தார். அம்முறையில் கட்ட முயன்றபோது, செங்கற்கள் பாதியிலேயே சரிந்து விழுந்தன. அடியில் மரச்சாரம் கட்டி முட்டுக்கொடுத்தால் வளைவு நிற்கும். ஆனால், சாரம் கட்ட மரம் வேண்டுமே! கூரைக்கு மரமில்லை என்பதற்காகத் தொடங்கிய முயற்சி மீண்டும் மரத்திலேயே வந்து முடிந்தது.

நூபியரின் கைத்திறன்

அப்போது தென்எகிப்தின் அஸ்வானில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஒரு செய்தி தெரிவித்தார். அங்கு வாழும் நூபிய மக்கள் மரச்சாரமே இல்லாமல் வளைகூரை அமைக்கின்றனர் என்பதே அச்செய்தி. 1941ஆம் ஆண்டு ஃபாத்தி அஸ்வானுக்குச் சென்றார். நைலின் மேற்குக் கரையில் அமைந்த ஊரில், வெள்ளையடித்த சுவர்களும் வளைந்த கூரைகளும் கொண்ட மண்வீடுகள் வரிசையாக நின்றன. அவ்வீடுகளை வடிவமைத்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழில் கற்ற கொத்தனார்கள்.

அவர்களைப் பாஹ்திமுக்கு அழைத்துவந்து கட்டச் செய்தபோது அதன் நுட்பம் விளங்கியது. முதலில் அறையின் பின்சுவரை உயர்த்தினர். அதன்மீது மண்சாந்தால் வளைவுக் கோட்டைக் கைப்போக்காகவே வரைந்தனர். பிறகு, மெல்லிய செங்கற்களை அச்சுவரின்மேல் சாய்த்து, வில் வடிவில் ஒட்டினர். முதல் வரிசை சுவரில் சாய்ந்து நின்றது. அடுத்த வரிசை முதல் வரிசையில் சாய்ந்து நின்றது. இவ்வாறு ஒவ்வொரு வரிசையும் தனக்கு முந்தியதைத் தாங்குகோலாகக் கொண்டதால், அடியில் முட்டுக்கொடுக்கத் தேவை ஏற்படவில்லை. கூரைக்குரிய செங்கற்களில் வைக்கோலை மிகுதியாகச் சேர்த்து எடையைக் குறைத்தனர். ஈரச் செங்கல்லின் முகத்தில் விரலால் கீறி வைத்தமையால் சாந்து நன்கு பற்றிக்கொண்டது. அறிவியல் நூல்கள் விளக்கும் பரவளைவு வடிவத்தையே அக்கொத்தனார்களின் கைகள் வரைந்திருந்தன. அவ்வடிவத்தில் செங்கற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளுமே தவிர, வளைந்து முறிவதில்லை.

இக்கலையின் தொன்மைக்குச் சான்றும் உண்டு. லக்சர் நகருக்கு எதிர்க்கரையில், இரண்டாம் ராம்செஸ் மன்னரின் கோவிலைச் சார்ந்த தானியக் கிடங்குகளின் மண்செங்கல் வளைகூரைகள் மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. ஃபாத்தி தேடிய விடை அவருடைய நாட்டு மண்ணிலேயே உயிரோடு இருந்தது.

புதிய கூர்னா

லக்சரின் எதிர்க்கரைக் குன்றுகளில் பண்டைய எகிப்துப் பெருமக்களின் கல்லறைகள் உள்ளன. அவற்றின்மீதும் அவற்றைச் சுற்றியும் கூர்னா என்னும் ஊர் அமைந்திருந்தது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 7000 மக்களில் பலர், கல்லறைகளில் கிடைத்த பழம்பொருள்களை விற்றும் பயணிகளுக்கு வழிகாட்டியும் பிழைத்தனர். ஒரு கல்லறையின் பாறைச் சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டுத் திருடுபோனதும் அரசு விழித்துக்கொண்டது. மக்களை அங்கிருந்து அகற்றி வேறிடத்தில் குடியமர்த்த முடிவு செய்தது. தொல்பொருள் துறை புதிய ஊரைக் கட்டும் பொறுப்பை ஃபாத்தியிடம் ஒப்படைத்தது. 50 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டு, 1945ஆம் ஆண்டு பணி தொடங்கியது.

அரசு கட்டும் குடியிருப்பு என்றால் ஒரே அளவில், ஒரே வடிவில், வரிசை வரிசையாக அமைவதே வழக்கம். அதை ஃபாத்தி ஏற்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் தொழிலையும் தேவையையும் அறிந்து வீடு அமைக்க விரும்பினார். உறவு முறையால் இணைந்த பத்து, இருபது குடும்பங்கள் சிறு சதுக்கம் ஒன்றைச் சுற்றி வாழுமாறு தெருக்களை வளைத்து அமைத்தார். வீடுதோறும் முற்றமும் கால்நடைகளுக்கு இடமும் திட்டமிட்டார். வீட்டுக்குள் பெரும்பொழுதைக் கழிக்கும் பெண்களிடம் நேரடியாகப் பேச ஊர் வழக்கம் இடம் தரவில்லை என்பது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது.

குளிர்காலத்தில் கூர்னா மக்கள் திறந்த தீச்சட்டியில் விறகெரித்துக் குளிர்காய்ந்தனர். வெப்பத்தில் பெரும்பகுதி வீணாகி, அறையெங்கும் புகை நிறைந்தது. ஆஸ்திரிய நாட்டில் ஓடுகளால் கட்டப்படும் அடுப்பு, வெப்பத்தைத் தன் உடலில் தேக்கிச் சிறிது சிறிதாக வெளியிடுவதை ஃபாத்தி அறிந்திருந்தார். அதே முறையில் மண்ணால் அடுப்பு அமைக்கச் செய்தார். குறைந்த எரிபொருளில் நெடுநேரம் வெப்பம் பெறும் வழியை ஓர் ஏழையின் வீட்டுக்குள் கொண்டுவந்த முயற்சி இது.

மசூதி, சந்தை, நாடக அரங்கு, பள்ளிகள், கைத்தொழில் கூடம் ஆகியன மண்செங்கல்லால் எழுந்தன. நூபியக் கொத்தனார்களிடம் உள்ளூர் இளைஞர்கள் தொழில் கற்றனர். தனியொருவன் தன் வீட்டைக் கட்டிக்கொள்வது அரிது; பத்துப் பேர் ஒன்றுசேர்ந்தால் பத்து வீடுகளையும் எளிதில் கட்டிவிடலாம் என்பது ஃபாத்தியின் நம்பிக்கை. கூலிக்குக் கட்டுவோர், குடியேறுவோர் என்னும் பிரிவு மறைந்து, கட்டுவோரே குடியிருப்போராக வேண்டும் என்று அவர் விரும்பினார்.

காற்றை அழைத்த கட்டடங்கள்

பழைய கெய்ரோவின் மாளிகைகளை ஃபாத்தி நுணுகி ஆராய்ந்தார். அவற்றின் கூரைமீது வடக்கு நோக்கித் திறந்த கோபுர அமைப்பு இருந்தது. மல்காஃப் எனப்படும் இது, உயரத்தில் வீசும் தூய குளிர்காற்றைப் பிடித்துக் கூடத்துக்குள் இறக்கியது. கூடத்தின் நடுப்பகுதி மிக உயரமாகக் கட்டப்பட்டு, உச்சியில் திறப்புகள் வைக்கப்பட்டிருந்தன. சூடேறிய காற்று மேலெழுந்து அவ்வழியே வெளியேற, அதன் இடத்தை நிரப்பக் குளிர்காற்று உள்ளே வந்தது. எந்தப் பொறியும் இல்லாமல் இச்சுழற்சி நாள்முழுதும் நடந்தது.

கூர்னாவின் பள்ளியில் அவர் இதை மேலும் ஒரு படி வளர்த்தார். காற்று இறங்கும் குழாய்க்குள் மரக்கரி நிரப்பிய உலோகத் தட்டுகளைச் சாய்வாகப் பொருத்தி, அவற்றை நீரால் நனைக்க வகைசெய்தார். வறண்ட காற்று ஈரக்கரியைத் தழுவி வரும்போது நீர் ஆவியாகிறது. அதற்குத் தேவையான வெப்பம் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுகிறது. மண்பானை நீர் குளிர்வதும் இதே முறையில்தான். இவ்வமைப்பால் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அளவுக்குக் குறைந்தது.

தெரிந்து தெளிவோம்

அரபு நாடுகளின் பழைய வீடுகளில் சாளரத்தை மூடிக் கடைசல் மரத்துண்டுகளால் அமைக்கப்பட்ட பின்னல் தட்டியைக் காணலாம். இதற்கு மஷ்ரபிய்யா என்று பெயர். பருகுதல் என்னும் பொருள் தரும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. குடிநீர்ச் சாடிகளைக் குளிர வைக்கும் இடமாக இது முதலில் விளங்கியது. கண்கூசும் ஒளியைத் தணித்தல், காற்றை உள்ளே விடுதல், வெப்பத்தைக் குறைத்தல், காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டுதல், வீட்டினரின் தனிமையைப் பேணுதல் என ஐந்து பணிகளை இந்த ஒரே தட்டி செய்வதாக ஃபாத்தி விளக்கினார்.

ஊரின் மறுப்பு

இவ்வளவு சிறப்புடைய ஊர் முழுமையடையவில்லை. பணம் காலத்தில் வரவில்லை; செங்கல்லுக்கு வேண்டிய வைக்கோல்கூடத் தாமதமாயிற்று. சிறு செலவுக்கும் கோப்புகள் மேசை மேசையாக அலைந்தன. மலிவான மண்ணால் கட்டுவதில் அரசு அலுவலருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஆர்வம் எழவில்லை. 1947ஆம் ஆண்டு எகிப்தில் காலரா நோய் பரவி மேலும் இடர் தந்தது.

எல்லாவற்றினும் பெரிய தடை கூர்னா மக்களிடமிருந்தே வந்தது. குன்றை விட்டு இறங்கினால் பிழைப்பு போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். குவிமாடக் கூரைகள் அவர்களுக்குச் சமாதிகளை நினைவூட்டின. குடிபெயருமாறு ஆணையிட்ட அரசு, அவர்களுடைய ஒப்புதலைக் கேட்டதில்லை. நைலில் வெள்ளம் பெருகிய வேளையில், புதிய ஊரைக் காத்த கரையைச் சிலர் உடைத்துவிட்டனர். நீர் ஊருக்குள் புகுந்தது. ஃபாத்தியும் உடன் இருந்தோரும் போராடிக் கட்டடங்களைக் காக்க வேண்டியதாயிற்று. 1948ஆம் ஆண்டு பணி நின்றது. திட்டமிட்ட வீடுகளில் சிறுபகுதியே எழுந்திருந்தது. அவற்றிலும் பல, குடியேற ஆளின்றிக் கிடந்தன.

ஃபாத்தி இத்தோல்வியை மறைக்கவில்லை. கூர்னாவின் கதையை முழுமையாக எழுதி, 1969ஆம் ஆண்டு கெய்ரோவில் நூலாக வெளியிட்டார். 1973ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் அதனை ஏழைகளுக்கான கட்டடக்கலை என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டது. தோற்றுப்போன ஒரு திட்டத்தின் வரலாறு, உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் விரும்பிப் படிக்கும் நூலாயிற்று.

அளந்து காட்டிய உண்மை

தாய்நாட்டில் ஆதரவு குறைந்த நிலையில், 1957ஆம் ஆண்டு ஃபாத்தி கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகருக்குச் சென்று சில ஆண்டுகள் பணியாற்றினார். மீண்டும் கெய்ரோ திரும்பியபின், மண்வீடு குளிர்ச்சியானது என்னும் கூற்றை எண்களால் மெய்ப்பிக்கும் வாய்ப்பு அமைந்தது.

1964ஆம் ஆண்டு கெய்ரோவின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில், வெவ்வேறு பொருள்களால் சிறு மாதிரிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. ஒன்று, 50 சென்டிமீட்டர் தடித்த மண்செங்கல் சுவரும் வளைகூரையும் கொண்டது. மற்றொன்று, தொழிற்சாலையில் வார்த்த 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளால் ஆனது. மார்ச் மாதத்தில் ஒருநாள் முழுதும் இரண்டினுள்ளும் வெப்பநிலை அளக்கப்பட்டது. மண்கட்டடத்தினுள் வெப்பநிலை 21 முதல் 23 பாகை செல்சியஸுக்குள் நின்றது. 24 மணி நேரத்தில் 2 பாகைக்குமேல் மாறவில்லை. கான்கிரீட் கட்டடத்தினுள் அது 36 பாகை வரை ஏறியது. அதாவது, மண்கட்டடத்தைவிட 13 பாகையும் வெளிக்காற்றைவிட 9 பாகையும் மிகுதி. வெயிலுக்கு ஒதுங்கக் கட்டிய அறை, வெயிலைவிடக் கூடுதலாகச் சுட்டது.

இதன் காரணம் எளியது. தடித்த மண்சுவர் பகல்வெப்பத்தை மெல்ல மெல்ல உள்வாங்குகிறது. அவ்வெப்பம் உட்பக்கத்தை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இரவின் குளிர்காற்றில் சுவர் தன் வெப்பத்தை இழந்து, மறுநாளுக்கு ஆயத்தமாகிறது. மெல்லிய கான்கிரீட் பலகையோ வெப்பத்தை உடனே உள்ளே கடத்திவிடுகிறது. அந்த அறையில் வாழ்வோர் மின்விசிறியையும் குளிரூட்டியையும் நாடுவதைத் தவிர வேறு வழியில்லை. கட்டும்போது செய்த தவற்றுக்கு ஒவ்வொரு மாதமும் மின்கட்டணமாகத் தண்டம் செலுத்த வேண்டியிருக்கிறது.

பாலைவனச் சந்தை

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் கார்கா என்னும் பாலைவனச் சோலை உள்ளது. அங்கு நிலத்தடியில் மிகுதியான நீர் கண்டறியப்பட்டதால், 250 குடும்பங்களுக்கு ஓர் ஊர் அமைக்கும் பணி ஃபாத்தியிடம் தரப்பட்டது. பிரான்சின் தலைநகரோடு பெயரளவில் ஒத்த பாரிஸ் என்பதே அவ்வூரின் பெயர். கோடைவெயில் 45 பாகையைக் கடக்கும் அவ்விடத்தில், காய்கறிகள் கெடாமல் காப்பதே உழவர்களின் முதல் தேவை.

மின்சாரக் குளிர்பதனக் கிடங்கை ஃபாத்தி நாடவில்லை. சந்தையின் சேமிப்பறைகளை நிலமட்டத்துக்குக் கீழே அமைத்தார். அவற்றின்மேல் உயர்ந்த காற்றுக்கோபுரங்களை வரிசையாக எழுப்பினார். மண்ணின் குளுமையும் இறங்கிவரும் காற்றும் சேர்ந்து அறைகளின் வெப்பத்தைத் தணித்தன. தெருக்கள் குறுகலாகவும் வளைந்தும் அமைந்தமையால், ஒருபக்கச் சுவரின் நிழல் எதிர்ப்பக்கத்தைக் காத்தது. 1967ஆம் ஆண்டு மூண்ட போரால் இப்பணியும் பாதியில் நின்றது. மக்கள் குடியேறாத அவ்வூரில், காற்றுக்கோபுரங்கள் மட்டும் இன்றும் பாலைக்காற்றைப் பிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

உலகின் செவி

1970களில் கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தது. ஆற்றலைத் தாராளமாகச் செலவிட்டு வந்த நாடுகள் சிக்கனத்தைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கின. அப்போது ஃபாத்தியின் பணி உலகின் பார்வைக்கு வந்தது. மாற்று நோபல் பரிசு என வழங்கப்பெறும் நல்வாழ்வு விருது 1980ஆம் ஆண்டு முதன்முதலாக அளிக்கப்பட்டபோது, அதைப் பெற்றவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டில் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதின் தலைவர் பரிசும் அவரைச் சேர்ந்தது. பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் ஒன்றியம் 1984ஆம் ஆண்டு பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அபிகியூ என்னுமிடத்தில் மண்செங்கல் மசூதி ஒன்றை வடிவமைத்தார். நூபியக் கொத்தனார்களின் வளைகூரைக் கலை கடல் கடந்தது.

1986ஆம் ஆண்டு வெளிவந்த இயற்கை ஆற்றல் குறித்த தம் நூலில், சூரியனின் போக்கு, காற்றின் திசை, சுவரின் தடிப்பு, முற்றத்தின் அளவு ஆகியவற்றுக்கும் வீட்டின் குளுமைக்கும் உள்ள தொடர்பை அறிவியல் முறையில் விளக்கினார். முன்னோர் செய்தனர் என்பதற்காக மட்டும் ஒன்றைப் பின்பற்றக் கூடாது. அளந்து, ஆராய்ந்து, பயனுடையதைக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெறி.

கெய்ரோவின் கோட்டையருகே பழைய மாளிகை ஒன்றின் மேல்தளத்தில், பூனைகள் சூழ எளிய வாழ்க்கை நடத்திய அவர், 1989ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் மறைந்தார்.

எஞ்சிய பாடம்

ஏழைகளுக்காக வாழ்நாள் முழுதும் சிந்தித்த ஃபாத்திக்கு வசதியுள்ளோரின் வீடுகளைக் கட்டும் வாய்ப்புகளே மிகுதியாக அமைந்தன. புதிய கூர்னாவின் கட்டடங்கள் பல, நிலத்தடி நீரின் கசிவாலும் உப்பாலும் சிதைந்தன. 2010ஆம் ஆண்டு உலக நினைவுச்சின்ன நிதியம் அவ்வூரை அழியும் நிலையிலுள்ள மரபிடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் அதைக் காக்கும் முயற்சிகள் தொடங்கின.

ஒரு தனிமனிதரின் திறமை மட்டும் ஒரு நாட்டின் வீடுகளை மாற்றிவிடாது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. கலைஞரின் வடிவமைப்பு, அரசின் கொள்கை, மக்களின் ஒப்புதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். கூர்னாவில் வடிவமைப்பு இருந்தது. மற்ற இரண்டும் இல்லை. உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காடு இன்று கட்டடங்களின் இயக்கத்துக்கே செலவாகிறது. ஆகவே, நாடுகள் பலவும் கட்டட விதிகளில் ஆற்றல் சிக்கனத்தைச் சேர்த்து வருகின்றன. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு 2007ஆம் ஆண்டிலும், குடியிருப்புகளுக்கானது 2018ஆம் ஆண்டிலும் வெளியிடப்பட்டன. சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம், சாளரம் எவ்வளவு காற்றை வரவிட வேண்டும் என்று இவ்விதிகள் வரையறுக்கின்றன. மண்செங்கல் அறையில் வெப்பமானியை வைத்து ஃபாத்தி எழுப்பிய வினாக்களே இன்று சட்டத்தின் சொற்களாகியுள்ளன.

எல்லா ஊர்களிலும் எகிப்தின் மண்வீட்டையே கட்ட வேண்டும் என்று ஃபாத்தி சொல்லவில்லை. அந்தந்த நிலத்தின் வெயிலையும் காற்றையும் மழையையும் அறிந்து, அங்குக் கிடைக்கும் பொருளைக் கொண்டு, அங்கு வாழ்வோரின் விருப்பத்தைக் கேட்டுக் கட்ட வேண்டும் என்பதே அவர் காட்டிய வழி. அவ்வழியில் கட்டப்படும் வீடு, தன்னுள் வாழ்வோரிடம் குறைவாகவே கேட்கும், நிறைவாகத் தரும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் ஓட்டுக் கூரை அல்லது கான்கிரீட் கூரை கொண்ட அறையிலும் மரநிழலிலும் ஒரே நாளில் மணிக்கொருமுறை வெப்பநிலையை அளந்து, அட்டவணைப்படுத்தி, வேறுபாட்டுக்கான காரணங்களை எழுதுக.

2. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு ஒன்றின் முற்றம், திண்ணை, சாளரம், கூரை ஆகியவை வெப்பத்தையும் காற்றையும் எவ்வாறு கையாள்கின்றன என்பதை அவ்வீட்டின் பெரியோரிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

3. புதிய கூர்னா திட்டம் நிறைவேறாமைக்கு யார் யார் பொறுப்பு என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக. அரசு, கட்டடக்கலைஞர், ஊர்மக்கள் ஆகிய மூவர் தரப்பிலிருந்தும் கருத்துகளை முன்வைக்க.

4. உள்ளூர்க் கொத்தனார் ஒருவரைச் சந்தித்து, கட்டடத் தொழிலில் வழங்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்துப் பொருள் எழுதுக.